படித்துக் காட்டப்பட்டது

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இந்த வரியை முதலில் அண்ணியிடம் காட்டிவிடுங்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கோர்ட் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறீர்களா, இல்லை இன்னும் இளவட்டம் என்று நினைப்பா?

விடுதியில் அறைக்கு இரண்டு பேர், மேசை ஒன்றுதான். அறைத்தோழி வரிச் சட்டம் படிக்கிறாள். உப்பு கேட்டால்கூட "அதுக்கு விலக்கு உண்டா" என்கிறாள். தொலைபேசி வார்டன் அறையில் இருக்கிறது. பேசி முடிக்கும்வரை அந்த அம்மாவும் நகர்வதில்லை. அதனால் கடிதம்தான்.

முதுகலை வகுப்பில் பதினோரு பேர். நாலு வருடம் வக்கீல் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான் மட்டும். கிளம்பும்போது என் சீனியர் என்ன கேட்டார் தெரியுமா? "மேல்படிப்பு எதுக்கும்மா, கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கவா?" நாலு வருடம் அவர் கட்டுகளைச் சுமந்ததற்குக் கிடைத்த வழியனுப்பு. பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன், தாடை வலித்தது.

ஆய்வுத் தலைப்புக்கு நெறியாளர் ஒப்புக்கொண்டார்: "சாட்சி சொன்னதும் ஏட்டில் ஏறியதும்." கூண்டில் ஒருத்தர் பேசுகிற பேச்சு காகிதத்துக்கு வருவதற்குள் என்ன ஆகிறது என்று பார்க்கப் போகிறேன். இருபது வருடமாக அந்தக் காகிதத்தை அடிக்கிறவர் நீங்கள். எப்படி நடக்கிறது என்று ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

ஜூலை 19

அன்பு வாயாடிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் தன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு ஏறுகிறேன். அண்ணி உன் முதல் வரியை நம்பவில்லை, அடுத்த முறை எடை எவ்வளவு என்று எழுதச் சொல்கிறாள்.

ஆக, என் பிழைப்பை ஆராய்ச்சி செய்யப் போகிறாய். சரி, கேட்டுக்கொள். சாட்சி கூண்டில் ஏறுவார். வக்கீல் கேட்பார். சாட்சி, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதிலிருந்து ஆரம்பிப்பார். நீதிபதி அதையெல்லாம் கேட்டு, வடிகட்டி, ஒரு வாக்கியமாக எனக்குச் சொல்வார். நான் மெஷினில் அடிப்பேன். மேலே ஒரு தாள், கீழே கார்பன் வைத்து இரண்டு. சாட்சி மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசியது தாளில் ஒன்றரை வரி வரும். சாட்சி பேசுவது என் காதுக்கு, நீதிபதி பேசுவது என் விரலுக்கு. பழகிவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

கடைசியில் ஒரு வரி உண்டு: "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்." அந்த வரியை என் விரல் தானாக அடித்துவிடும். ஒருமுறை அண்ணிக்கு எழுதிய கடிதத்திலேயே அடித்துவிட்டேன்.

போதுமா? பட்டம் வாங்கும்போது என் பெயரையும் நன்றியில் போடு.

ஆசியுடன்,
அண்ணன்

ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். எடை இரண்டு கிலோ குறைந்துவிட்டது, அண்ணிக்குச் சொல்ல வேண்டாம். அவர்கள் சளி விட்டதா?

முடிந்துபோன ஐந்து வழக்குகளின் ஏடுகளை எடுத்திருக்கிறேன். அவற்றில் வாக்குமூலம் கொடுத்த சாட்சிகளைத் தேடிப் போய், அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்பதுதான் என் வேலை. நான்காவது வழக்கு நம் ஊர் வழக்கு. துணிக் கிடங்கில் தீப்பிடித்து நாலு பெண்கள் செத்தார்களே, அது. கதவைப் பூட்டினான் என்று மேஸ்திரிக்குப் பத்து வருடம் தண்டனை. முதலாளி சாட்சியாகக் கூட வரவில்லை.

உயிர் தப்பிய ஒரே பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். நம் ஊரில் யாரும் வேலை தரவில்லை என்று இங்கே வந்து ஒரு சந்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கையாலேயே துணியைத் தள்ளுகிறார்.

ஏட்டில் அவர் சொன்னதாக இருப்பது இது: "கதவு பூட்டியிருந்தது. மேஸ்திரி கதவருகே நின்றதைப் பார்த்தேன். சாவியைப் பற்றி எனக்குத் தெரியாது."

என்னிடம் சொன்னது இது. அப்படியே எழுதுகிறேன்:

"சாவி எப்பவும் முதலாளி இடுப்புலதான் இருக்கும். சாப்பிடப் போனா வெளியில பூட்டிட்டுப் போயிருவாரு, நாங்க துணி திருடிருவோம்னு. அன்னைக்கும் அவருதான் பூட்டினாரு, நானே பார்த்தேன். தீப்பிடிச்சதும் கதவு இடுக்கு வழியா பார்க்கிறேன், மேஸ்திரி செங்கல்ல எடுத்து பூட்டை அடிச்சிக்கிட்டு இருக்காரு. 'சாவி இல்லம்மா, சாவி இல்லம்மா'ன்னு அழுதுக்கிட்டே அடிக்கிறாரு. இதெல்லாம் கோர்ட்ல சொன்னேனே. எல்லாத்தையும் சொன்னேனே."

அவர் சொன்னது பொய்யில்லை அண்ணா. அந்த வழக்கு நடந்தபோது நீங்கள் எந்தக் கோர்ட்டில் இருந்தீர்கள்?

அன்புடன்,
தங்கை

ஆகஸ்ட் 30

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

ஆறு வருடம் கழித்து ஒருவர் சொல்வதை வைத்து ஆராய்ச்சி எழுதினால் தேர்வாளர் ஏற்பாரா என்று யோசி. வேறு நல்ல தலைப்புகள் இருக்கும். உன் அறைத்தோழியைப் போல வரிச் சட்டம் எடுத்தால் பிற்காலத்துக்கு உதவும்.

அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள்.

அண்ணன்

அக்டோபர் 4

அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

ஐந்து வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். நீங்களாக எழுதுவீர்கள் என்று பார்த்தேன். எழுதவில்லை. வரிச் சட்டம் படி என்கிறீர்கள். தண்ணீர் குடி என்கிறீர்கள்.

அந்த ஏட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இடது ஓரத்தில், தட்டச்சு செய்தவர் தன் மூன்றெழுத்தைப் போட்டிருக்கிறார். பதினைந்து வயதில் நான் டைப் கற்றுக்கொண்டபோது என் பயிற்சித்தாளின் மூலையில் நீங்கள் திருத்திப் போட்ட அதே மூன்றெழுத்து. எந்தக் கோர்ட்டில் இருந்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நீங்களே சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

அந்தப் பெண் கூண்டில் நின்று பேசும்போது மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "சாவி இல்லம்மா" என்று அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா? கடைசி வரியை யார் படித்துக் காட்டினார்கள்? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்டுப்போட்ட கையால் ரேகை வைத்திருக்கிறார். படித்துக் காட்டுவது யார் வேலை அண்ணா? வேடிக்கையாக எழுதினீர்களே, விரல் தானாக அடிக்கும் என்று. அதைப் படித்து நான் சிரித்தேன். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மேஸ்திரி இன்னும் உள்ளேதான் இருக்கிறார். மேல்முறையீடு ஆறு வருடமாகத் தூங்குகிறது.

தங்கை

அக்டோபர் 11

வக்கீல் அம்மாவுக்கு,

இது கையால் எழுதுவது. மெஷின் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

என்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறாய். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது உன் தொழிலில் கெட்டிக்காரத்தனம். வீட்டில் அதற்குப் பெயர் வேறு. அப்பா போனபோது உனக்கு ஐந்து வயது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையெழுத்தும் இந்த மூன்றெழுத்துதான். அதையும் உன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்.

விழுந்தது. காதில் விழுந்தது. போதுமா?

அன்று கடைசி சாட்சி அந்தப் பெண். மேஸ்திரிக்குக் கோர்ட் நியமித்த வக்கீல் பக்கத்துக் கோர்ட்டில் வேறு வழக்கில் நின்றுகொண்டிருந்தார். சாவியைப் பற்றி அவள் சொன்னதும் நீதிபதி, "அதெல்லாம் இவங்க கேள்விப்பட்டது, விடு" என்றார். "நானே பார்த்தேங்கய்யா" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. செங்கல்லைப் பற்றிச் சொன்னபோது, "கதவுகிட்ட நின்னான், அவ்வளவுதான, போடு" என்றார். நான் அடிக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "என்னய்யா, மெஷின் நின்னுபோச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடித்தேன்.

படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டியிருந்தால் அவள் அங்கேயே, "நான் இப்படிச் சொல்லலையே" என்றிருப்பாள். அது தெரிந்துதான் படிக்கவில்லை. தாளை நீட்டினேன், விரலைப் பிடித்து மையில் வைத்ததும் நான்தான்.

நீதிபதி பணம் வாங்கினாரா, வீட்டுக்குப் போகும் அவசரமா, எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக அதைத்தான் யோசிக்கிறேன். என்னைப் பற்றி யோசிக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

இனி எனக்கு எழுதாதே.

நவம்பர் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் நான் நன்றாக இல்லை. உன் அண்ணனும் நன்றாக இல்லை. எடை என்ன என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன், நீயே பார்த்துக்கொள்.

நீங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொண்டதை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் பரவாயில்லை. இந்த வீட்டில் பதினெட்டு வருடம் ஒரே பாயில் படுக்கிறேன், இந்த விஷயத்தை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை அவர். அந்த ஆத்திரம் எனக்குத் தனியாக இருக்கிறது, அதை நான் அவரிடம் வைத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒன்றுதான். நீ கேட்டது நியாயம். கேட்ட விதம் நியாயமா? ஆகஸ்டில் ஒரு பஸ் ஏறி நேரே வந்து கேட்டிருந்தால், என் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொல்லியிருப்பார். தபாலில் பொறி வைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்து வெறும் பையோடு வருகிறார். போன வாரம் பின்னாலேயே போனேன். மேஸ்திரியின் பெண்டாட்டி இஸ்திரி போடும் கடைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நிற்கிறார். தெருவைக் கடக்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை நின்றுவிட்டு வந்துவிட்டார்.

செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அதை எழுது. திட்ட வேண்டுமானால் நான் இங்கே இருக்கிறேன், அந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி

டிசம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

பொறி வைத்தது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்ட கேள்விக்குக் கேட்கமாட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். மேஸ்திரிக்காக இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் இங்கே மேல் கோர்ட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். கட்டைத் திறந்தே பார்க்காதவர், இப்போது திறந்தார். "அந்தப் பொம்பளை மட்டும் சொன்னா நிக்காது. ஆறு வருஷம் கழிச்சு மாத்திச் சொல்றாங்கம்பாங்க. அன்னைக்கு அங்க உக்காந்திருந்தவங்க யாராவது பிரமாணப் பத்திரம் கொடுத்தா, அவளைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லலாம்" என்றார். அண்ணா அன்றைக்குச் சுருக்கெழுத்தில் ஏதாவது குறித்திருந்தாரா, அந்தக் குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்டார்.

முகவரி தனித்தாளில் இருக்கிறது. வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணாவுக்கும் தெரியும். அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

தங்கை

ஜனவரி 14

தங்கைக்கு,

நலம். குறிப்பேடு இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் வைக்க விதியில்லை, நானே கையெழுத்துப் போட்டு எரிக்கக் கொடுத்தேன். வாய்தான் இருக்கிறது.

வக்கீல் எழுதி வைத்திருந்த பத்திரத்தில், "எனக்கு நினைவிருக்கும் வரையில்" என்று ஆரம்பித்திருந்தார். அதை நீக்கிவிடச் சொன்னேன். "உங்க பாதுகாப்புக்குத்தான் சார் போட்டேன்" என்றார். நினைவில்லாமல் இருந்திருந்தால்தான் எனக்குப் பாதுகாப்பு என்றேன். படித்துக் காட்டவில்லை என்பதையும், ஏன் என்பதையும் தனிப் பத்தியாகப் போடச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.

ஒன்பதாம் தேதி வேலையிலிருந்து இடைநீக்க உத்தரவு வந்தது. என் மேசையில் இப்போது உட்காருகிற பெண்ணே அதை டைப் செய்திருந்தாள். இரண்டு எழுத்துப் பிழை. பாவம். என்னோடு இருபது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட பெஞ்ச் கிளார்க், நான் படியிறங்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அந்த அத்தியாயத்தை நன்றாக எழுது. என் பதவியைப் போடு, ஊரைப் போடு, மறைக்காதே.

அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு நலம். முழங்காலுக்கு இப்போது படி இல்லை என்பதால் குறைந்திருக்கும் என்று எழுத நினைத்தேன், எழுதக் கை கூசுகிறது.

நல்ல செய்தி முதலில். அந்தப் பெண்ணைத் திரும்ப விசாரிக்க மேல் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. உங்களையும் கூப்பிடுவார்கள். ஏப்ரல் கடைசி.

இன்னொன்று. ஆய்வேட்டை முந்தாநாள் கொடுத்துவிட்டேன். கிடங்கு வழக்கு அதில் இல்லை.

நெறியாளரும் அந்த நீதிபதியும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது. "நாலு வழக்கே போதும்மா. அந்தக் கிடங்கு வழக்கை எடுத்துரு, முதல் வகுப்புக்கு நான் பொறுப்பு. எடுக்கலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன், அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்த்துக்க" என்றார். கடைசி நாள். பைண்டிங் கடையில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பத்தோரு பக்கத்தை உருவி எடுத்துவிட்டு, பக்க எண்களைத் திருத்தினேன். "இந்த ஆய்வில் எதுவும் மறைக்கப்படவில்லை" என்று உறுதிமொழிப் பக்கம் ஒன்று உண்டு. அதில் கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்குக் கிடைத்தது ஒரு நிமிடம். எனக்கு ஒரு பகல் முழுக்க இருந்தது. அக்டோபரில் நான் உங்களுக்கு எழுதியதை எடுத்து நீங்கள் எனக்குத் திருப்பி அனுப்பலாம். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை.

தங்கை

மார்ச் 8

தங்கைக்கு,

சுகம்.

திருப்பி அனுப்பமாட்டேன். அண்ணி அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவள், "அவ பத்து நாள்ல சொல்லிட்டா. நீங்க ஆறு வருஷம் எடுத்தீங்க" என்றாள். பத்து நாள்கூட இல்லை, இரண்டு நாள்.

தேர்வாளருக்கு இன்னும் அனுப்பியிருக்கமாட்டார்கள். திரும்ப வாங்க முடியுமா என்று அலுவலகத்தில் கேள். உன் நெறியாளரைக் கேட்காதே. ஒரு வருடம் போனால் போகட்டும். நான் வீட்டில்தான் இருக்கிறேன். நீயும் வந்து இரு, இரண்டு பேரையும் சேர்த்து அண்ணி திட்டட்டும், அவளுக்கு அலைச்சல் மிச்சம்.

நான் உன்னிடம் இதைக் கேட்கவில்லை. சொல்கிறேன்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். வாங்கிவிட்டேன்.

பதிவாளர் அலுவலகத்தில், "இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கேட்டதில்லையேம்மா, எதுல எழுதுறது?" என்று ஒரு பழைய பேரேட்டைப் புரட்டினார் எழுத்தர். வெள்ளைத்தாளில் காரணத்தை முழுதாக எழுதிக் கொடுத்தேன், நெறியாளர் சொன்னதைச் சொன்னபடியே. படித்துவிட்டு, "இதையா கொடுக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். நெறியாளர் வராந்தாவில் என்னைப் பார்த்து, "உன் அண்ணன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்றார். அவர் திட்டினார், எனக்கு வேறு மாதிரி கேட்டது.

ஒரு வருடம் போயிற்று. குற்றவியல் பாடம் எடுக்கிற அம்மா வழிகாட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏப்ரலில் கோர்ட்டுக்கு நானும் வருகிறேன்.

உங்கள் வாயாடி

ஜூன் 12

அன்பு வாயாடிக்கு,

இங்கே இருவரும் சுகமே. நீ ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது.

ஏப்ரலில் நடந்ததை நீயே பார்த்தாய், அதை எழுதவில்லை. தீர்ப்பும் உனக்குத் தெரியும். மேஸ்திரியை நேற்றுக் காலை விட்டார்கள். நீ பார்க்காதது அது ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

போக வேண்டாம் என்றாள் அண்ணி. போனேன். அவளும் கூட வந்தாள். சிறை வாசலுக்கு எதிரே வேப்பமரம்கூட இல்லை, வெயிலில் நின்றோம். மேஸ்திரியின் பெண்டாட்டியும் நின்றாள். எங்களுக்கு நடுவே பத்தடி இருக்கும். இந்த முறை நான் கடந்தேன். யார் என்று சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. டீக்கடையில் நின்றதையும் பார்த்திருக்கிறாள்.

அவர் வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பெண்டாட்டி, "இவருதான் அந்த டைப்படிக்கிறவரு" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். "பஸ் இப்பவும் இங்கதான் நிக்குதா?" என்று அவளிடம் கேட்டார். 

அவள் என் பக்கம் திரும்பினாள். "நல்லது பண்ணிட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. என் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. பள்ளிக்கூடத்துல அவ பக்கத்துல யாரும் உக்காரமாட்டாங்க, நாலு பேரைக் கொளுத்தினவன் மகள்னு. தினமும் அழுதுக்கிட்டு வருவா. நீங்க தினமும் காலையில சட்டையப் போட்டுக்கிட்டு அதே கோர்ட்டுக்குத்தானே போனீங்க? ஏழு வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உங்க வாய்க்கு என்ன ஆச்சு?"

ஆறு வருடம் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அவள் கணக்கு ஏழு. அவளுடையதுதான் சரி.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள்.

அத்தியாயத்தில் இதையும் சேர்த்துக்கொள். அவள் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் பதில் என்ன என்று நீ தேடுவாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுவதற்கும் ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்